மூக்கைத் தேடி யாரா பள்ளத்தாக்கிற்கு

காலை 6.50. வெரிபீ ரயில் நிலையம். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. வெயில் இரவெல்லாம் எங்கே போய்ப் படுத்திருந்ததோ, நடைமேடையின் இரும்பு இருக்கை இன்னும் சில்லென்று கிடந்தது. நான் கிளம்பியது ஒயின் குடிக்க. ஐம்பது வயதில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவேன் என்று திருச்சி தில்லைநகரில் என்னோடு படித்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை.

யாரா பள்ளத்தாக்கு மெல்பர்னுக்கு வடகிழக்கே இருக்கிறது. வெரிபீ தென்மேற்கே. ஊரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போக வேண்டும். காரில் ஒன்றரை மணி நேரம்தான்; ஆனால் திராட்சைத் தோட்டங்களுக்குக் காரில் போகிறவர்களில் ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும், அல்லது எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு வழியில் போலீஸ் ஊதச் சொல்லும்போது பெருமாளை வேண்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி சிற்றுலாப் பேருந்து. லில்லிடேல் ரயில் நிலைய வாசலில் ஏற்றிக்கொண்டு, மூன்று தோட்டங்கள் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு, மாலை அதே வாசலில் இறக்கிவிடுவார்கள். ஆளுக்கு நூற்றுத் தொண்ணூறு டாலர். அவ்வளவு கொடுத்துப் போகிற ஆள் நான் இல்லை. நான் சமையல் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நடந்த ஊழியர் குலுக்கலில் இரண்டு பேருக்கான சீட்டு எனக்கு விழுந்தது.

வீட்டுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு எதுக்கு இது? உனக்குத்தான் பாலுக்கும் சுண்ணாம்புத் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதே" என்றார். கேலி இல்லை. உண்மை. அதற்காகத்தான் போனேன்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கை எடுத்துக்கொண்டு போனது. முதல் சில மாதங்கள் காபி, சோப்பு, மழை எல்லாமே கருகிய ரப்பராக நாறின. பிறகு அதுவும் நின்றது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு, காரம் தெரியும். மற்ற எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். மருத்துவர் நான்கு சிறிய சீசாக்கள் கொடுத்தார்: கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். காலையும் மாலையும் முகர வேண்டும், மூக்குக்குப் பள்ளிக்கூடம். இரண்டு வருடமாக என் மூக்கு ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இல்லத்தில் யாருக்கும் தெரியாது. எடை போட்டு, நிமிடம் பார்த்து, வெப்பமானியைக் குத்தி, பழைய கைப் பழக்கத்தில் சமைத்து வந்தேன். வெள்ளிக்கிழமை இல்லத்தில் ‘கறி நாள்’, அன்று இந்தியச் சாப்பாடு என் பொறுப்பு. இப்போது தலைமைச் சமையல்காரராக இருப்பவர் ஓய்வு பெறுகிறார். பதினோரு வருடம் வெங்காயம் நறுக்கிய எனக்கு அந்த இடத்தைத் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தொண்ணூறு வயதுக்காரர்கள் சாப்பிடும் சமையலறையில் பால் கெட்டதா, மீன் பழையதா என்று கடைசியாகச் சொல்ல வேண்டியது தலைமைச் சமையல்காரரின் மூக்கு. ஒயின் என்பதே வாசனைதான் என்று எங்கோ கேட்டிருந்தேன். நாள் முழுக்க வாசனைக்குள் மூழ்கி எழுந்தால் ஒரு முடிவு தெரியும். மூக்கு இருக்கிறது என்றால் கையெழுத்து. இல்லை என்றால் இல்லை.

7.40. ஃபிளின்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையம். கடிகாரங்களுக்குக் கீழே சந்திப்பது என்று பேச்சு. கூட வருவது மலர் அக்கா. நோபல் பார்க்கிலிருந்து வருகிறார், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதே சமையலறையில் என் உதவியாளர். மதிய இடைவேளையில் என் டப்பாவும் அவர் டப்பாவும் இடம் மாறும். கடிகாரங்களுக்குக் கீழே அவர் இல்லை. கைப்பேசி அடித்தது.

"சுதா, நான் பத்து நிமிசமா மணிக்கூட்டுக்குக் கீழ நிக்கிறன். நீர் எங்க நிக்கிறீர்?"

"நானும் கடிகாரத்துக்குக் கீழதான்க்கா நிக்கிறேன்."

"எந்த மணிக்கூடு? இஞ்ச ஒரு வரிசை மணிக்கூடு கிடக்கு!"

அவர் நின்றது உள்ளே, நடைமேடைக் கடிகாரங்களுக்குக் கீழே; நான் வெளியே, வாசல் கடிகாரங்களுக்குக் கீழே. அன்றைய நாள் இப்படித்தான் தொடங்கியது: இரண்டு பேரும் சரியான இடத்தில், வேறு வேறு இடத்தில்.

லில்லிடேல் ரயில் கிளம்பியது. மெல்பர்னில் சனி, ஞாயிறுகளில் நாள் முழுக்க எங்கு சுற்றினாலும் ரயில் அட்டை ஒரு சாப்பாட்டு விலைக்கு மேல் கழிக்காது. ஆகவே வெரிபீயிலிருந்து லில்லிடேல் போனதும் வந்ததும் ஒரே கணக்கில் முடிந்தது. வீடுகள் மெலிந்து, மரங்கள் தடித்து, தூரத்தில் டாண்டனோங் மலை ஒரு நீலக் கோடாக எழுந்தது. மலர் அக்கா எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். சாப்பாடு போடுவார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. "வெள்ளைக்காரன்ர சாப்பாட்டை நம்பி வெறுங்கையோட வெளிக்கிடேலுமோ? வைன் எண்டால் எனக்குப் பிள்ளை பெத்த நேரம் தந்த பிராந்திதான் தெரியும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு குடிச்சனான்" என்றார்.

9.00. லில்லிடேல். வெள்ளைப் பேருந்து, பன்னிரண்டு இருக்கைகள். ஓட்டுநர் குர்தீப், நீலத் தலைப்பாகை, ஆறு வருடமாக இதே பாதை. ஏற்கெனவே ஆறு இளம்பெண்கள் ஏறியிருந்தார்கள், அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிற ஒருத்தியும் அவள் தோழிகளும். ஆறு பேரும் ஒரே மாதிரி இளஞ்சிவப்புப் பட்டை அணிந்திருந்ததில் மணப்பெண் யாரென்று எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. மலர் அக்கா மூன்று பேருக்குத் தனித்தனியாக வாழ்த்துச் சொன்னார். மூவரும் "தேங்க் யூ ஆன்ட்டி" என்றார்கள்.

9.25. கோல்ட்ஸ்ட்ரீம். முதல் தோட்டம். கொடிகள் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். பறவைகளுக்காக. சரிவு முழுக்க நீண்ட வெள்ளை வரிசைகள். யாரோ மலையைச் சலவைக்குப் போட்டு உலர்த்துவது போல. அறுவடை நடக்கிற பருவம். இறங்கியதும் மலர் அக்கா நின்றுவிட்டார்.

"உது என்ன மணம்? தோசைமா புளிச்ச மாதிரி."

பின்பக்கக் கொட்டகையில் திராட்சை நொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். நானும் இழுத்தேன். குளிர்ந்த காற்று வந்தது, போனது. ஒரு காலி அறைக்குள் போய்த் திரும்புவது போல.

"ஆமாக்கா. புளிச்ச மாவேதான்" என்றேன்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தாடி வைத்த இளைஞன் ஒருவன் ஆளுக்கொரு தாள் கொடுத்தான். இன்று ருசிக்கப் போகும் ஒயின்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வரி: பச்சை ஆப்பிள், பாதாம், சுட்ட ரொட்டி. எனக்குப் பரீட்சையில் கேள்வித்தாளோடு விடைத்தாளும் கொடுத்தது போல இருந்தது. குமிழிடும் ஒயினை ஒரு விரற்கடை ஊற்றினான். சுழற்றச் சொன்னான். மூக்கை உள்ளே விடச் சொன்னான். என்ன தெரிகிறது என்று கேட்டான்.

"பச்சை ஆப்பிள்" என்றேன்.

"அருமை!" என்றான்.

ஒரு மணப்பெண்ணோ தோழியோ சுட்ட ரொட்டி என்றாள். அவளுக்கும் அருமை. எனக்குக் குழப்பம் அங்கேதான் பிடித்தது. அவளுக்கு நிஜமாகத் தெரிந்ததா, அவளும் தாளைப் பார்த்தாளா? தாளை எழுதியவருக்காவது தெரிந்ததா? அறை முழுக்க ஆட்கள் காற்றைக் காட்டி, இதோ பழம், இதோ பூ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோவிலில் சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு நடுவே சாமி வராமல் நிற்பவளின் கூச்சம் எனக்கு.

மேசை மேல் ஒரு கறுப்பு வாளி. விழுங்க விருப்பமில்லை என்றால் இதில் துப்பலாம் என்றான் தாடிக்காரன்.

மலர் அக்கா என் முழங்கையை இடித்தார். "அந்தப் பெடியன் துப்பச் சொல்றானோ?"

"துப்பலாமாம். தப்பில்லையாம்."

"ஒருத்தர் ஊத்தித் தாறதை அவருக்கு முன்னால துப்புறதோ? அதுவும் எல்லாரும் ஒரே வாளிக்க? என்ன பழக்கமிது? நான் மாட்டன்."

அவர் துப்பவில்லை. கொடுத்ததையெல்லாம் மருந்து போலக் கடைசிச் சொட்டு வரை விழுங்கினார். ஆறு பெண்கள் கைதட்டினார்கள். நானும் துப்பவில்லை. விருந்தினராகப் போன இடத்தில் ஊற்றியதைக் குறை சொல்லாமல் விழுங்குவது எங்கள் இருவருக்கும் நடுவே கடல் பிரிக்காத ஒரே பழக்கம் என்று அப்போது நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மாலைதான் தெரிந்தது.

11.30. யாரா க்ளென் அருகே இரண்டாவது தோட்டம். மதியச் சாப்பாடு இங்கே. வெளி முற்றத்தில் நீண்ட மேசை, கீழே பள்ளத்தாக்கு தட்டைத் துடைத்து வைத்தது போல. மாடுகள், ஒரு குளம். விளம்பரப் படங்களில் பார்த்த வெப்பக்காற்று பலூன் வானத்தில் ஒன்றுகூட இல்லை. அவை விடியற்காலையிலேயே இறங்கிவிடுமாம். முதலில் வெள்ளை, பிறகு பினோ நுவார் என்ற மெல்லிய சிவப்பு. காலையில் குடித்தது தலைக்குள் ஒரு சின்ன ஊஞ்சல் கட்டியிருந்தது. தாளில் வரிகள் நடுங்கின. ஊற்றிய பெண்மணி என்னைப் பார்த்ததும் சட்டென்று படித்தேன்.

"எலுமிச்சைத் தோல். கடல் சிப்பி."

ஆறு பெண்களும் என் கோப்பையை எட்டிப் பார்த்தார்கள். என் கோப்பையில் இருந்தது சிவப்பு. நான் படித்தது மேல் வரி.

"சுவாரசியம்" என்றார் அந்தப் பெண்மணி, நிதானமாக. இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பதினோரு வருடத்தில் கற்றிருக்கிறேன். மலர் அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் தாளைப் பார்த்தார். எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டதும் எழுந்து நடந்தேன். பேருந்துப் படியில் உட்கார்ந்து குர்தீப் தன் வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். நீங்கள் ஒரு வாய்கூட ருசி பார்ப்பதில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பேருந்து ஓட்டுகிறவர் மூச்சில் ஒரு துளி இருக்கக்கூடாது, அதுதான் சட்டம் என்றார். பிறகு சிரித்தார். சட்டம் இல்லாவிட்டாலும் அவர் குடித்ததில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டும் இல்லை.

"ஆனா எல்லாத்தையும் மோந்து பாத்திருக்கேன் மேடம். மூக்குக்கு லைசென்ஸ் தேவையில்ல. இந்தப் பள்ளத்தாக்குல எந்தப் பீப்பாய் எந்தக் கொட்டகைன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

"வர்றவங்க எல்லாருக்கும் அப்படித் தெரியுதா?"

"தெரியாது. பாதிப் பேர் தாளைத்தான் மோந்து பாக்கறாங்க. தாளைக் கவுத்து வெச்சா ஊமையாயிடுவாங்க."

அவர் என்னைக் குறிவைத்துச் சொல்லவில்லை. ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் காது சுட்டது. மூக்கைச் சோதிக்கத் தென்மேற்கிலிருந்து வடகிழக்குவரை வந்தவள், சோதனையில் காப்பியடித்துக்கொண்டிருக்கிறேன். யாரை ஏமாற்ற? தாடிக்காரனுக்கு என்ன நஷ்டம்? ஏமாறப்போவது திங்கட்கிழமை காலை கஞ்சி குடிக்கிற கிழவர்கள்.

2.10. டிக்சன்ஸ் க்ரீக். மூன்றாவது தோட்டம் சிறியது. தகரக் கொட்டகை, கிழட்டு நாய், ஒரே ஒரு மேசை. நடத்துபவர் ஹெலன், எழுபது வயதிருக்கும், காலில் சேறு படிந்த பூட்ஸ். அவரும் ஒரு தாள் கொடுத்தார். நான் அதைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் கைப்பையை வைத்தேன்.

முதல் ஒயின்: ஒன்றுமில்லை. இரண்டாவது: ஒன்றுமில்லை. என் முறை வந்தபோது, தெரியவில்லை என்று சொன்னேன். காலையிலிருந்து சொன்னதில் அதுதான் முதல் உண்மை. சொன்னதும் பல் பிடுங்கிய இடம் போல ஒரு வெற்று ஆறுதல். சரி, முடிந்தது, திங்கட்கிழமை மறுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவதாக ஹெலன் உள்ளேயிருந்து ஒரு பழைய புட்டியை எடுத்து வந்தார். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், ஒன்பது வருடம் கிடந்தது, கடையில் வைப்பதில்லை என்றார். நல்லெண்ணெய் நிறம். மூக்கை விட்டேன். கண்ணாடியின் குளிர். மறுபடி விட்டேன். குளிர். மூன்றாம் முறை, மூச்சு முடியப்போகிற நேரத்தில், யாரோ உள்ளிருந்து கதவைத் திறந்தது போல —

மண்ணெண்ணெய்.

ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய். தகர டின்னின் வாய். பம்பு அடுப்பைப் பற்றவைக்கும் முன் விரலில் ஒட்டுகிற அதே வாடை, அவ்வளவு கூர்மையாக, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பயம் வந்தது. ஒயினில் மண்ணெண்ணெய் எப்படி இருக்கும்? கருகிய ரப்பர் காலம் திரும்புகிறது என்று நினைத்தேன். மூக்கு திரும்பி வரவில்லை. மூக்கின் ஆவி வந்து பயமுறுத்துகிறது. இதை வாய்விட்டுச் சொல்வதும் முடியாது. ஒன்பது வருடம் பொத்தி வைத்து ஒரு பெரியம்மா அன்பாக ஊற்றித் தருகிறார், உங்கள் பானம் மண்ணெண்ணெய் நாறுகிறது என்பதா?

ஹெலன் வரிசையாகக் கேட்டு வந்தார். எலுமிச்சை என்றாள் ஒருத்தி. தேன் என்றாள் ஒருத்தி. மலர் அக்கா முறை. அவர் அன்று விழுங்கியதில் இது எத்தனையாவது கோப்பை என்று எண்ணுவதை நான் விட்டிருந்தேன். முகம் சிவந்து, முக்காடு நழுவிய கல்யாணப்பெண் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தார். ஹெலனைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னார்:

"சுதா, சொல்லக்கூடாது. மனுசி பாவம். ஆனா இது மண்ணெண்ணெய் மணக்குது. லாம்பு கழுவின தண்ணியைத் தந்திட்டா போல கிடக்கு."

தரை ஒரு நொடி நகர்ந்தது. ஒயினால் இல்லை.

"உங்கள் தோழி என்ன சொல்கிறார்?" என்று ஹெலன் என்னைக் கேட்டார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறதாம். பூ... பூ வாசனை வருகிறதாம்" என்றேன்.

ஹெலனின் முகம் வாடியது. "பூவா? வேறொன்றும் இல்லையா?" புட்டியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ரீஸ்லிங் வயதானால் மண்ணெண்ணெய் வாசனை வரும். சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் உயிர். அதற்காகத்தான் இதை ஒன்பது வருடம் வைத்திருக்கிறேன். யாரும் சொல்வதில்லை. எல்லோரும் எனக்காக நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள்."

மலர் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "நான் மண்ணெண்ணெய் என்றுதான் சொன்னேன்!" என்றார் ஆங்கிலத்தில், வகுப்பில் கையுயர்த்துபவர் போல. "இவள்தான் மாற்றிச் சொல்கிறாள்! இவள் பொய் சொல்கிறாள்!"

கொட்டகை அதிர்ந்தது. ஆறு பெண்களும் மேசையைத் தட்டினார்கள். நாய் எழுந்து குரைத்தது. ஹெலன் மலர் அக்காவைக் கட்டிக்கொண்டு, புட்டியில் மிச்சமிருந்ததில் பாதியை அவருக்கே ஊற்றினார். பிறகு கண்ணைத் துடைத்தபடி என்னைக் கேட்டார்: "சரி, உங்களுக்கு?"

"மண்ணெண்ணெய்" என்றேன். "எனக்கும் வந்தது. இவர் சொல்வதற்கு முன்பே. சத்தியமாக."

ஹெலன் என் தோளை அன்பாகத் தட்டிக்கொடுத்தார். நம்பவில்லை. யார் நம்புவார்கள்? காலையிலிருந்து பொய்யாகச் சொன்ன ஆப்பிளுக்கெல்லாம் பாராட்டு கிடைத்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக மூக்கு ஒன்றைப் பிடித்து வந்து கொடுத்தபோது, அது அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதாக ஆகிவிட்டது.

வெளியே வந்து பைத்தியம் பிடித்தவள் போல எல்லாவற்றையும் முகர்ந்தேன். திராட்சை இலையைக் கசக்கி முகர்ந்தேன். மண்ணை அள்ளி முகர்ந்தேன். நாயின் தலையை, பேருந்தின் டயரை, என் புடவைத் தலைப்பை. எதுவும் இல்லை. ஓடிப்போய் ஹெலனிடம் அந்த ரீஸ்லிங்கில் ஒரு புட்டி கேட்டேன். விற்பதில்லை என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முப்பத்தெட்டு டாலருக்குக் கொடுத்தார். அதன் மூடியைத் திருகித் திறந்து வாசலிலேயே முகர்ந்தேன். மண்ணெண்ணெய். நிச்சயமாக மண்ணெண்ணெய். உலகத்தில் எனக்குத் திரும்பி வந்தது அந்த ஒரே ஒரு வாசனை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இருக்கிறது என்பதா, இல்லை என்பதா?

குர்தீப் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். ஏறும்போது, "தாளைக் கவுத்துட்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

4.50. லில்லிடேல், திரும்பும் ரயில். பெட்டியில் பாதி காலி. மலை பின்னால் போய் மறுபடி கோடாயிற்று. மலர் அக்கா ஜன்னலில் தலை சாய்த்திருந்தார். மடியில் இருந்த புட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். காய்ச்சல், சீசாக்கள், கடிதம், திங்கட்கிழமை. எல்லாம். ரிங்வுட் வருகிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அப்ப அந்தப் பெருங்காயம்?" என்றார் திடீரென்று.

"எந்தப் பெருங்காயம்?"

"உம்மட சாம்பார். ரெண்டு வருசமா டப்பாவைத் திறந்தால் கண் எரியும். வெள்ளிக்கிழமை கறி நாளில சமையலறையே மிதக்கும். நான் நினைச்சன் இந்தியாக்காரர் இப்பிடித்தான் போடுறவை எண்டு. உங்கட ஊர் முறையை நான் ஏன் குறை சொல்லுவான் எண்டு பேசாம விழுங்கினனான்."

நான் அவரையே பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. எடை போட்டேன், நிமிடம் பார்த்தேன். பெருங்காயத்தை மட்டும் கையளவாகப் போட்டேன், வாசனை வரும்வரை. வாசனை வரவே இல்லை. ஆகவே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எதிரே உட்கார்ந்து இந்த மனுஷி இரண்டு வருடம், துப்பாமல்.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீரும் ஒருக்கா சொல்லியிருக்கலாம்."

சிரிக்கத் தொடங்கினோம். எதிரே இருந்த பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிப் பார்த்தான். ஆனால் மலர் அக்காவின் சிரிப்பு முதலில் நின்றது.

"போன குளிருக்கு அந்தக் கிரீம்" என்றார். "நான் மூடியைத் திறந்து பழுதெண்டு சொன்னனே. நீர் அதை கஸ்டர்டுக்கு எடுத்து வைச்சிருந்தனீர். மறந்துபோய் வைச்சிட்டீரெண்டு நினைச்சன்."

"மறக்கல. எனக்குத் தெரியல."

"அண்டைக்கு நான் லீவு எண்டால்?"

பெட்டிக்குள் வெயில் சாய்வாக நகர்ந்தது. அவர் கைப்பையைத் திறந்து என் கண்ணைப் பொத்தி ஒவ்வொன்றாக மூக்கின் கீழ் காட்டினார். தைலத்தைச் சொன்னேன், ஆனால் அது சில்லென்ற உறைப்பு, மூக்கின் வேலை இல்லை, எனக்கே தெரியும். வாழைப்பழம் தெரியவில்லை. திருநீறு தெரியவில்லை. எலுமிச்சை சாதப் பொட்டலத்தின் தாள், அதில் ஏதோ மெல்லியதாக இருந்தது. அல்லது இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். எதுவென்று இன்றுவரை தெரியவில்லை.

"நாலில ஒண்டும் இல்லை. புட்டியோட ஒண்டு" என்றார் மலர் அக்கா, மதிப்பெண் போடுவது போல. நகரத்தில் ரயில் மாறும்போது என் தோளைப் பிடித்து, "திங்கட்கிழமை நீர் சொல்றீரோ, நான் சொல்லட்டோ?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. "போட்டு வாறன்" என்று கூட்டத்தில் கரைந்தார்.

திருச்சியில் ஒயின் ஷாப் என்று பெயர்ப்பலகை வைத்த கடையில் எல்லாம் கிடைக்கும், ஒயின் கிடைக்காது. அந்தக் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். பொத்துவதற்கு ஒரு மூக்கு இருந்தது. யாரா பள்ளத்தாக்கில் ஒயின் இருந்தது. நான் கொண்டுபோனது பொத்துகிற பழைய பழக்கத்தை மட்டும். 7.15க்கு வெரிபீயில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ரீஸ்லிங் புட்டியைக் குளியலறை ஜன்னலில், நான்கு சீசாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தாவது பாடம்.

திங்கட்கிழமை நானே சொன்னேன். மேலாளர் கடிதத்தைத் திரும்ப வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார், கிழிக்கவில்லை. குளிர்காலம் முடியட்டும், மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம், அதுவரை பதவி காலியாக இருக்கட்டும் என்றார். அதுவரை ஒரு புதிய விதி: பால், கிரீம், மீன் எதுவானாலும் இரண்டு பேர் திறக்க வேண்டும். ஒருவர் மலர் அக்கா. நான் பழையபடி வெங்காயம் நறுக்குகிறேன். வருத்தமா, நிம்மதியா என்று கேட்டால், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் தேட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கறி நாள். பெருங்காயத்தைத் தராசில் போட்டு, பழைய அளவில் கால் பங்கு மட்டும் எடுத்துச் சாம்பாரில் கரைத்தேன். மலர் அக்கா கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார். சப்புக்கொட்டினார். கூரையைப் பார்த்தார்.

"என்னக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையைச் சொல்றதெண்டால்" என்றார், "காணாது சுதா. இன்னும் கொஞ்சம் போடும். ரெண்டு வருசம் பழகிட்டுது."